ஏர் பூட்டாமலே ஊரும் பணமும் படகும்: சூமாஷ் மக்களைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பள்ளியில் நாம் படித்த மனித வரலாற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மனிதர்கள் வேட்டையாடியும் காய்கனி பொறுக்கியும் அலைந்தார்கள், அப்புறம் விவசாயம் வந்தது, விவசாயம் வந்ததும் ஊர் வந்தது, தானியம் மிஞ்சியது, அந்த மிச்சத்திலிருந்து தலைவன், பூசாரி, கைவினைஞன், வணிகன், கடைசியில் பணம் என்று ஒவ்வொன்றாக வந்தன. உலகின் பல பகுதிகளுக்கு இந்த வரிசை ஓரளவு பொருந்தும். சூமாஷ் மக்களிடம் வந்தால் பொருந்தாது.

சூமாஷ் மக்கள் கலிஃபோர்னியாவின் கடலோரப் பூர்வகுடிகள். ஐரோப்பியர் வருவதற்கு முன் அவர்கள் பயிர் செய்யவில்லை, மண்பானை வனையவில்லை, உலோகம் உருக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் நிலையாக வாழ்ந்த ஊர்கள் இருந்தன, வாரிசு முறையில் தலைவர்கள் இருந்தார்கள், பலகைகளைத் தைத்துக் கட்டிய கடல் படகுகள் இருந்தன, எண்ணிக் கொடுத்து வாங்கப் பணமும் இருந்தது. இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது அழிந்துபோன ஒரு மக்களின் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கே இருக்கிறது அந்த நிலம்

லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டியிருக்கும் மாலிபுவிலிருந்து தொடங்கி, வென்ச்சுரா, சான்டா பார்பரா வழியாக வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போவையும் தாண்டிப் போகிறது சூமாஷ் நிலம். மாலிபு என்ற பெயரே ஹுமாலிவோ என்ற சூமாஷ் ஊரிலிருந்து வந்ததுதான். கரைக்கு எதிரே கடலில் நான்கு தீவுகள்: அனகாபா, சான்டா க்ரூஸ், சான்டா ரோசா, சான் மிகுவேல். சான்டா க்ரூஸ் தீவை அவர்கள் லிமுவ் என்பார்கள். ஸ்பானியர் குடியேறுவதற்கு முன் இந்த நிலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மனிதர் அங்கே வாழ்ந்த காலம் மிகப் பழையது. 1959ல் சான்டா ரோசா தீவின் ஆர்லிங்டன் ஊற்று என்ற இடத்தில் கிடைத்த மனித எலும்புகளுக்கு வயது சுமார் 13,000 ஆண்டுகள். அந்தக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் நான்கு தீவுகளும் ஒரே பெரிய தீவாக ஒட்டிக் கிடந்தன, ஆனாலும் நிலப்பகுதியோடு சேர்ந்திருக்கவில்லை. ஆகவே அந்த மனிதர் ஏதோ ஒரு வகைப் படகில் ஏறித்தான் அங்கே போயிருக்க வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு ஒரு விசேஷம் உண்டு. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கரை, பாயின்ட் கன்செப்ஷன் என்ற முனையில் சட்டென்று கிழக்கே திரும்புகிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் அந்த வட்டாரத்தில் கலக்கின்றன, ஆழத்திலிருந்து சத்து நிறைந்த நீர் மேலே எழும்புகிறது. அதனால் கடலுக்கடியில் காடு மாதிரி கெல்ப் பாசி வளர்கிறது, அதில் மீனும் சிப்பியும் கடல் நீர்நாயும் சீலும் நிறைய. கரையிலிருந்து பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மலை, மலைச்சரிவில் ஓக் மரங்கள், மலைக்கு அந்தப் பக்கம் புல்வெளியும் மான்களும். ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இத்தனை விதமான நிலம் கிடைக்கும் இடம் உலகில் அதிகம் இல்லை.

பொறுக்கித் தின்றவர்கள் என்பது பாதி உண்மை

வேட்டையாடி உணவு சேகரிப்பவர்கள் என்று சொன்னதும், இயற்கை தானாகத் தந்ததை எடுத்துச் சாப்பிட்டவர்கள் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. சூமாஷ் மக்கள் நிலத்தை நன்றாகவே பராமரித்தவர்கள். புல்வெளிகளுக்கு முறையாகத் தீ வைப்பார்கள். எரிந்த இடத்தில் சியா போன்ற விதைச் செடிகள் தழைக்கும், இளம்புல்லுக்கு மான் வரும், கூடை முடைய நேரான இளங்குச்சிகள் கிளம்பும். இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது: தங்கள் கால்நடைகளின் மேய்ச்சல் கெடுகிறது என்று 1793ல் கலிஃபோர்னியாவின் ஸ்பானிய ஆளுநர் அரியாகா இந்தத் தீவைப்பைத் தடைசெய்து ஆணையே போட்டார்.

முக்கிய உணவு ஓக் மரத்தின் கொட்டை. இலையுதிர்காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பொறுக்கி வந்து, காயவைத்து, பெரிய கூடைகளில் சேமித்துவிட்டால் வருஷம் முழுக்க வரும். ஆனால் அப்படியே வாயில் போட முடியாது, அதிலுள்ள டானின் கடுமையாகத் துவர்க்கும், வயிற்றையும் கெடுக்கும். தோட்டை உடைத்து, பருப்பைக் கல்லுரலில் போட்டு மாவாக இடித்து, அந்த மாவின் மேல் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றித் துவர்ப்பை வடியவைக்க வேண்டும். அப்புறம்தான் கஞ்சி. அந்தக் கஞ்சி காய்ச்சியது கூடையில்! நெருக்கமாக முடைந்த கூடையில் தண்ணீர் ஒழுகாது, அதில் மாவையும் நீரையும் விட்டு, நெருப்பில் பழுக்கவைத்த கற்களை எடுத்து உள்ளே போட்டு, கூடை கருகாமல் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். கல் ஆறினால் எடுத்துவிட்டு வேறு சூடான கல். கொஞ்ச நேரத்தில் கஞ்சி கொதித்துவிடும். இவ்வளவு கூர்மையான சமையல் அறிவு இருந்தவர்களுக்குப் பானை இல்லாதது ஒரு குறையாகவே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாக்கல்லில் குடைந்த கல்சட்டிகளும் புழக்கத்தில் இருந்தன. அந்த மாக்கல் பெரும்பாலும் தெற்கே சான்டா கடலினா தீவிலிருந்து வந்தது. அது டோங்வா என்ற பக்கத்து மக்களின் தீவு, அதனால் கல்சட்டி வேண்டுமென்றால் வணிகம் செய்தாக வேண்டும்.

கூடைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜங்கஸ் என்ற கோரை வகைத் தண்டின் இயற்கையான பழுப்பு நிறங்களையும், சாயம் ஏற்றிய கறுப்பையும் வைத்து நுணுக்கமான கோலங்கள் போட்டுச் சுருள் முறையில் முடைவார்கள். தண்ணீர் எடுத்துப் போகும் கூடைக் குப்பி இன்னும் சுவாரசியமானது. முடைந்த குப்பிக்குள் கீல் துண்டுகளைப் போட்டு, கூடவே சுட்ட கூழாங்கற்களையும் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தால், கீல் உருகி உட்புறம் முழுவதும் பூசிக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் கீல் நிலத்திலிருந்தும் கடலடியிலிருந்தும் தானாகவே கசிந்து வரும் பொருள், இன்றும் அந்தக் கடற்கரைகளில் நடந்தால் காலில் ஒட்டும்.

தொமோல்: பலகைகளைத் தைத்த படகு

தீவு, கரை, உள்நாடு என்று மூன்று நிலங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள். தீவில் மீனும் சிப்பியும் ஏராளம், ஆனால் ஓக் மரம் போதாது, மான் கிடையாது. உள்நாட்டில் விதையும் கொட்டையும் மானும் உண்டு, கடல் இல்லை. இவற்றைச் சேர்த்துவைத்தது தொமோல் என்ற படகு. சூமாஷ் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்கலாம் என்றால், நான் இதைத்தான் காட்டுவேன்.

இதற்கு மிகவும் விரும்பப்பட்ட மரம் ரெட்வுட். ஆனால் அந்த மரம் சூமாஷ் நிலத்தில் வளர்வதில்லை. வடக்கே வெகுதூரத்தில் ஆற்றில் விழுந்து, கடலில் மிதந்து, இங்கே வந்து கரை ஒதுங்கும் கட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைத்த கட்டையைத் திமிங்கில எலும்பாலும் மான் கொம்பாலும் செய்த ஆப்புகளை அடித்துப் பலகையாகப் பிளப்பார்கள். முடிச்சு இருக்கும் பலகை ஒதுக்கப்படும், ஏனென்றால் முடிச்சு ஒருநாள் கழன்று ஓட்டையாகும். பிறகு கல்லாலும் சிப்பியாலும் இழைத்து, சுறாத் தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சுறாத் தோல்தான் அவர்களுடைய உப்புத்தாள்.

அடிப்பலகை ஒன்று, அதன் மேல் வரிசை வரிசையாகப் பக்கப் பலகைகள். ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் ஜோடி ஜோடியாகத் துளை போட்டு, எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நாரை முறுக்கிய கயிற்றால் தைப்பார்கள். தைப்பதற்கு முன்பே பலகைகளை யோப் என்ற பசையால் ஒட்டவும் வேண்டும். யோப் என்பது கெட்டிக் கீலையும் பைன் மரப் பிசினையும் சேர்த்துக் காய்ச்சியது. கரையில் ஒதுங்கும் இளகிய கீல் இதற்கு ஆகாது, நிலத்தில் வெட்டி எடுக்கும் கெட்டியான கீல்தான் வேண்டும். இரண்டுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிப் பெயர்கள். துளைகளும் இடுக்குகளும் கோரைத் தண்டாலும் கீலாலும் அடைக்கப்படும், கடைசியில் செம்மண் கலந்த பூச்சு.

தொமோலுக்கு உள்ளே விலா எலும்பு போன்ற சட்டம் எதுவும் இல்லை, நடுவில் ஒரே ஒரு குறுக்குக் கட்டைதான். அதனால் படகு மிகவும் இலகு, ஒரு சிலரே தூக்கிக்கொண்டு கரையேறிவிடலாம். நீளம் 30 அடி வரை போகும். முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மட்டை உள்ள துடுப்பால் வலிப்பார்கள். தைத்த படகு என்றால் கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும், ஆகவே இறைப்பதற்கென்றே ஒரு பையன் கூட வருவான். ஒரு படகைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும், கட்டத் தெரிந்தவர்கள் தொமோல் சகோதரர்கள் என்ற தனிக் குழுவாகவே இருந்தார்கள், அந்த அறிவு எல்லோருக்கும் கிடைக்காது. படகு வைத்திருப்பவர் பணக்காரர், தலைவர் குடும்பத்தவராகவும் இருப்பார்.

1769ல் போர்த்தோலா தலைமையில் வந்த ஸ்பானியப் படையினர் ஒரு கடலோர ஊரில் படகு கட்டும் வேலை நடப்பதைப் பார்த்து, அந்த இடத்துக்குத் தச்சுப்பட்டறை என்று பொருள்படக் கார்ப்பின்தேரியா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அதற்கும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு, 1542ல் ஸ்பெயினுக்காகக் கடற்பயணம் வந்த கப்ரீயோவின் கப்பல்களையும் இப்படிப்பட்ட படகுகள்தான் சூழ்ந்து வரவேற்றன. ஆங்காங்கே நல்ல படகுகளைப் பார்த்து, அவர் ஓர் ஊரைப் படகுகளின் ஊர் என்றே குறித்தார்.

தைத்த பலகைப் படகு வட அமெரிக்காவில் அரிது என்பதால், பொலினீசிய மாலுமிகள் வந்து கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டதுண்டு. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. கீல் கையருகே கசியும் நாட்டில், மரம் அரிதாகக் கரை ஒதுங்கும் நாட்டில், சிறு பலகைகளைச் சேர்த்து ஒட்டித் தைக்கும் யோசனை உள்ளூரிலேயே பிறந்திருக்கும் என்பதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

சிப்பியிலிருந்து பணம்

இனி பணம். ஆலிவெல்லா என்ற சிறிய கடல் சங்கு, விரல்நுனி அளவுதான் இருக்கும். அதை உடைத்தால் வாய்ப்பக்கம் ஒரு தடித்த பகுதி கிடைக்கும். அதை வட்டமாகத் தட்டிச் செதுக்கி, நடுவில் துளை போட்டு, சரமாகக் கோத்து, ஒரு கல்லின் மேல் உருட்டித் தேய்த்தால் எல்லா மணிகளும் ஒரே அளவாகும். துளை போடுவதுதான் சிரமம், அதற்குச் சான்டா க்ரூஸ் தீவின் கிழக்குப் பகுதியில் கிடைக்கும் செர்ட் என்ற கல்லிலிருந்து ஊசி போன்ற துரப்பணங்களைத் தட்டி எடுப்பார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் இந்த வேலை பெரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தீவின் பழைய ஊர்களில் உடைந்த சங்குத் துண்டுகளும் தேய்ந்த துரப்பணங்களும் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன, அதுவும் குறிப்பிட்ட சில ஊர்களில்தான் மிக அதிகமாக. அதாவது, மணி செய்வதையே தொழிலாக வைத்திருந்த ஊர்கள் இருந்தன.

இது வெறும் நகை அல்ல, பணம்தான் என்று எப்படிச் சொல்கிறோம்? சரத்தைக் கையில் சுற்றி அளந்து, இத்தனை சுற்றுக்கு இவ்வளவு பொருள் என்று கொடுத்து வாங்கினார்கள் என்பதை ஸ்பானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். தடித்த பகுதியில் செய்த மணிக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒரு சங்குக்கு ஒன்றுதான் தேறும், உழைப்பும் கூடுதல். தீவுக்காரர்கள் மணியைக் கரைக்கு அனுப்பி ஓக் கொட்டை, விதை, மான் தோல், வில், கூடை வாங்குவார்கள். கரைக்காரர்கள் அதே மணியை உள்நாட்டுக்குக் கொடுத்து மலைக்கு அப்பால் இருந்து வரும் எரிமலைக் கண்ணாடிக்கல்லை வாங்குவார்கள். தென்கலிஃபோர்னியக் கடற்கரையின் ஆலிவெல்லா மணிகள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, உள்நாட்டுப் பாலைவனப் பகுதிகளில்கூட அகழாய்வில் கிடைக்கின்றன. சூமாஷ் என்ற பெயரே தீவுவாசிகளைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம், மணி செய்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எல்லோருக்கும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தது 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள்.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன வரிசை உடைகிறது. விவசாயத்தின் மிச்சம் பணத்தை உண்டாக்கவில்லை. தன் நிலத்தில் கிடைக்காததை இன்னொரு நிலத்திலிருந்து வாங்க வேண்டிய தேவையும், வறட்சி வருஷத்தில் பக்கத்து வட்டாரத்திலிருந்து உணவு வாங்க வேண்டிய கட்டாயமும்தான் உண்டாக்கின. ஒரு நிலம் வற்றினால் மணிச் சரத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு நிலத்துக்குப் போகலாம்.

ஊர், தலைவர், வானம்

வீடு வட்டமான குவிமாடம். இளங்கழிகளை வட்டமாக நட்டு, மேலே வளைத்துக் கட்டி, கோரைப் பாயைக் கூரை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்றாக வேய்ந்துவிடுவார்கள். உச்சியில் புகை போக ஓட்டை, மழை வந்தால் தோலால் மூடிக்கொள்ளலாம். பெரிய வீட்டில் பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும், படுக்கைகளுக்கு நடுவே பாய்தான் தடுப்பு. கல்யாணம் ஆனால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்குப் போவார், தலைவர் குடும்பத்தில் மட்டும் இது மாறும்.

ஊர்த் தலைவருக்கு வோத் என்று பெயர். பெண்களும் வோத் ஆக இருந்திருக்கிறார்கள். சடங்குகளை நடத்த பாஹா என்றொருவர், சேதி கொண்டுபோக ஒரு தூதர். எல்லாவற்றுக்கும் மேலே அன்தாப் என்ற குழு, அதில் தலைவர் குடும்பத்தினரும் சடங்கு நிபுணர்களும் இருப்பார்கள், பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். ஆக, ஏற்றத்தாழ்வு நன்றாகவே இருந்த சமூகம் இது. சண்டையும் இருந்தது, பழைய எலும்புகளில் அம்பு பாய்ந்த தடயங்கள் உண்டு. பூர்வகுடிகளைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சமம், எல்லாம் அமைதி என்று எழுதிவிடுவது ஒருவகையில் அவர்களைச் சிறுபிள்ளைகளாக்குவதுதான். நிஜத்தில் அவர்களுக்கு அரசியலும் போட்டியும் கடனும் பகையும் இருந்தன.

வானத்தைப் பற்றி அவர்களிடம் இருந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. உலகம் மூன்று அடுக்கு. நாம் வாழும் நடு உலகத்தைக் கீழே இரண்டு மாபெரும் பாம்புகள் தாங்குகின்றன, அவை அசைந்தால் நிலநடுக்கம். மேல் உலகத்தைத் தன் சிறகால் தாங்குவது ஒரு பெரிய கழுகு. அந்த மேல் உலகத்தில் வருஷம் முழுக்க ஒவ்வொரு இரவும் ஒரு சூதாட்டம் நடக்கிறது: எலும்புத் துண்டைக் கைக்குள் மறைத்து, எந்தக் கையில் என்று ஊகிக்கும் ஆட்டம். ஒரு பக்கம் சூரியன், கூட்டாளி கழுகு. எதிர்ப்பக்கம் கயோட்டி என்ற நரி, கூட்டாளி விடிவெள்ளி. நடுவர் நிலா. மார்கழி வாக்கில் பகல் மிகக் குறுகும் நாளில் கணக்கைப் பார்ப்பார்கள். கயோட்டி ஜெயித்தால் மழை கொட்டும், கொட்டைகளும் விதைகளும் மீனும் பெருகும். சூரியன் ஜெயித்தால் அது தன் பந்தயத்தை மனித உயிராக வசூலிக்கும். ஒரு வருஷம் வெள்ளமும் இன்னொரு வருஷம் கடும் வறட்சியுமாக மாறி மாறி வரும் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கதை தோன்றும். அந்தக் குறும்பகல் நாளை ஒட்டிச் சூரியனைத் திரும்ப இழுக்கும் பெரிய சடங்கு நடக்கும். அறுவடைக் காலத்தில் பூமித்தாய் ஹுதாஷுக்கு விழா.

வானத்தைப் பார்த்துக் காலம் கணிக்கத் தனி நிபுணர்கள் இருந்தார்கள். பாறை ஓவியங்களையும் இவர்களோடுதான் பலர் தொடர்புபடுத்துகிறார்கள். சான்டா பார்பராவுக்கு மேலே மலைப்பாதையில் உள்ள ஓவியக் குகையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்களில் சக்கரங்களும் விசித்திர உருவங்களும் உண்டு. அதிலுள்ள வெள்ளை விளிம்பிட்ட கறுப்பு வட்டம் 1677ஆம் ஆண்டு நவம்பர் 24 சூரிய கிரகணத்தைக் குறிக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. உள்நாட்டில் பின்வீல் குகை என்று இன்னொன்று, அதன் கூரையில் சிவப்பில் ஒரு சுழல் வடிவம். அந்தக் கூரை இடுக்குகளில் மென்று செருகிய நார் உருண்டைகளில் ஊமத்தையின் ரசாயனம் இருப்பதை 2020ல் வெளியான ஆய்வு காட்டியது. ஊமத்தம்பூ விரியும் வடிவமும் அந்தச் சுழலும் ஒன்றுபோல இருப்பதையும் அதே ஆய்வாளர்கள் சுட்டினார்கள். பருவம் எய்தும் வயதில் பெரியவர்களின் கண்காணிப்பில் ஊமத்தைக் கஷாயம் கொடுத்து, கனவில் துணைவிலங்கைக் காணும் சடங்கு அவர்களிடம் இருந்தது. ஊமத்தை உயிரைக் கொல்லும் விஷம் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் அளவு தெரிந்தவர்கள் கையில் மட்டும் அது இருந்தது.

மிஷன்கள் வந்த பிறகு

மிஷன் என்பது பூர்வகுடிகளை மதம் மாற்றி வேலைவாங்க ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அமைத்த குடியிருப்பு. 1772ல் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் சூமாஷ் நிலத்தின் முதல் மிஷன். அடுத்து 1782ல் சான் புவெனவென்ச்சுரா, 1786ல் சான்டா பார்பரா, 1787ல் லா புரிசிமா, 1804ல் சான்டா இனேஸ். ஐந்தே மிஷன்கள், ஐம்பது வருஷத்துக்குள் ஊர்கள் காலியாகிவிட்டன. ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. புதிய நோய்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின, மாடுகளும் ஆடுகளும் விதைப் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன, தீ வைக்கத் தடை, இடையிடையே வறட்சி. ஊர் மெலிந்தால் வணிகமும் மெலிந்தது, வணிகம் போனால் தீவில் வாழ வழியில்லை. 1820களின் தொடக்கத்துக்குள் தீவுவாசிகளும் நிலப்பகுதிக்கு வந்துவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் விருப்பப்படி வெளியேற முடியாது, ஓடினால் படைவீரர்கள் பிடித்து வந்து சவுக்கால் அடிப்பார்கள்.

1824 பிப்ரவரி 21 அன்று சான்டா இனேஸில் ஒரு சூமாஷ் இளைஞரைப் படைவீரர்கள் அடித்ததில் பொறி பற்றியது. லா புரிசிமாவைச் சூமாஷ் மக்கள் கைப்பற்றி ஏறத்தாழ ஒரு மாதம் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். சான்டா பார்பராவில் இருந்தவர்கள் பலர் மலை தாண்டி உள்நாட்டுக்குத் தப்பினார்கள். மார்ச்சில் பீரங்கியோடு வந்த படை லா புரிசிமாவை மீட்டது, அந்தச் சண்டையில் சூமாஷ் தரப்பில் 16 பேர் செத்தார்கள். 1830களின் தொடக்கத்தில் மிஷன் பதிவேடுகளில் மிஞ்சிய சூமாஷ் மக்கள் 3,000க்கும் குறைவு.

அந்தக் கொடுமைக்கு நடுவிலும் கைவேலை நிற்கவில்லை. சான் புவெனவென்ச்சுரா மிஷனில் மரியா மார்த்தா, ஹுவானா பசிலியா போன்ற பெண்கள் ஸ்பானிய வெள்ளிக் காசின் முத்திரையை அப்படியே கூடையில் முடைந்திருக்கிறார்கள், கேடயம், தூண், எழுத்து எல்லாமே கோரை இழையில். மரியா மார்த்தா, இதைச் செய்தது நான்தான் என்று தன் பெயரையும் ஸ்பானிய மொழியில் விளிம்பில் முடைந்துவைத்தார். மணி செய்யும் வேலையும் கொஞ்ச காலம் தொடர்ந்தது. கல் துரப்பணத்துக்குப் பதில் இரும்பு ஊசி வந்ததால் அந்தக் கால மணிகளில் துளை சின்னதாக இருக்கும், தொல்லியலாளர்கள் காலம் கணிப்பதற்கே அது உதவுகிறது.

இப்போது

இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, சூமாஷ் முதியவர்கள் சொல்லி, ஜே. பி. ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் எழுதிவைத்தது. ஃபெர்னாண்டோ லிப்ராடோ தொமோல் கட்டுவதை விளக்கியதோடு நிற்காமல், முதிய வயதில் ஹாரிங்டனுக்காக ஒரு தொமோலையே கட்டிக் காட்டினார். மரியா சொலாரெஸ் கதைகளையும் வானியல் அறிவையும் சொன்னார். லூயிசா இக்னாசியோ, அவர் மகள் லுக்ரேசியா கார்சியா, பேத்தி மேரி யீ என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களிடமிருந்து, சான்டா பார்பரா வட்டாரத்துச் சூமாஷ் மொழியான பார்பரேனோவை ஹாரிங்டன் பதிவுசெய்தார். சூமாஷ் என்பது ஒரே மொழி அல்ல, குறைந்தது ஆறு மொழிகள் கொண்ட குடும்பம். அவற்றைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் மேரி யீ, 1965ல் காலமானார். பெரும்பாலும் ஹாரிங்டனைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக நினைவுகூர்ந்து சொன்ன இந்தப் பெண்களின் உழைப்புக்கும் அதே மரியாதை வேண்டும் என்பேன்.

ஹாரிங்டனின் குறிப்புகளை வைத்துத்தான் சான்டா இனேஸ் வட்டாரத்துச் சூமாஷ் மொழியான சமாலாவுக்கு 2008ல் பெரிய அகராதி வந்தது, இப்போது வகுப்புகளும் நடக்கின்றன. சமாலா பேசியவர்களின் வழிவந்த சான்டா இனேஸ் சூமாஷ் குழுவுக்கு 1901 முதல் ஒரு சிறு ஒதுக்கு நிலம் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஒரே சூமாஷ் குழு இதுதான். மற்ற சூமாஷ் குழுக்கள் இன்னும் அந்த அங்கீகாரம் இல்லாமலே தங்கள் இடங்களையும் சடங்குகளையும் காத்துவருகின்றன. அங்கீகாரம் இல்லையென்றால் மூதாதையர் எலும்புகளைத் திரும்பப் பெறுவதற்குக்கூட அலைய வேண்டியிருக்கிறது, இது நியாயமே இல்லை.

படகும் திரும்ப வந்தது. லிப்ராடோவின் விளக்கத்தை வைத்து 1976ல் ஹெலெக் என்ற தொமோல் கட்டப்பட்டது. 1990களில் எல்யேவுன், அதாவது வாள்மீன், என்ற படகைச் சூமாஷ் கடல்சார் சங்கத்தினர் கட்டினார்கள், 2001 செப்டம்பரில் அதில் லிமுவ் தீவுக்கு வலித்துப் போனார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்காத பயணம் அது. அதிகாலை இருட்டில் கிளம்பினால் தீவைச் சேரப் பகல் ஆகிவிடும், வழியில் துணைப்படகிலிருந்து ஆள் மாற்றிக்கொள்வார்கள், தீவில் உறவினர்கள் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் இந்தப் பயணம் நடந்துவருகிறது.

2024ல் சூமாஷ் பாரம்பரியத் தேசியக் கடல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, பரப்பு 4,543 சதுர மைல். அதை 2015ல் முன்மொழிந்தவர் வடக்குச் சூமாஷ் பழங்குடிக் குழுவின் தலைவர் ஃப்ரெட் காலின்ஸ். அறிவிப்பைப் பார்க்க அவர் இல்லை, 2021ல் காலமாகிவிட்டார். ஒரு பூர்வகுடிக் குழு முன்னெடுத்துப் பெற்ற கடல் சரணாலயம் என்பதால் இது அமெரிக்காவில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களும் அங்கே போகிறவர்களும் சான்டா பார்பரா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம், சூமாஷ் கூடைகளின் மிகப் பெரிய தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஓவியக் குகைக்குப் போவதென்றால் சாலை மிகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், பெரிய வண்டிகள் போகாது. குகை வாயில் இரும்புக் கம்பிக் கதவு போட்டு மூடியிருப்பதால் வெளியே நின்றுதான் பார்க்க முடியும், கையில் ஒரு டார்ச் இருந்தால் நல்லது.